இரண்டு அண்டா மோருக்கு ஒரு சொல்

எங்கள் குடும்பத்தில் இரண்டு அண்டா மோரை வாயாலேயே காலி செய்தவள் நான் ஒருத்திதான். குடித்துத் தீர்க்கவில்லை, பேசித் தீர்த்தேன். அதுவும் ஆங்கிலத்தில். நாலு பேர் கூடுகிற இடத்தில் இதைச் சொல்லாமல் நான் வீடு திரும்பியதில்லை. ஏற்கெனவே கேட்டவர்கள் மெல்ல எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவார்கள். அதற்காகப் பெருமையை விட்டுக்கொடுக்க முடியுமா?

அப்போது எனக்குப் பத்து வயது. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. அப்பா, அம்மா, நான், எங்களோடு அப்பாவின் அக்காவான அத்தை. அப்பா பக்கத்திலேயே ஒரு பட்டறையில் லேத்தில் இரும்பு கடைகிற வேலை பார்த்தார். அத்தை தினமும் தீவிலிருந்து கடலைத் தாண்டி அக்கரையில் இருக்கிற மாக் மண்டினுக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் பெண்கள் கூட்டமொன்றை மேற்பார்வை செய்துவிட்டு வருவார். வந்ததும் எங்களை மேற்பார்வை செய்வார்.

அதற்கு முந்தின வருடம், மூன்றாம் ஆண்டில், எங்களுக்கு வந்த ஆங்கில டீச்சர் என்னை ஒரு நோயில் தள்ளிவிட்டார். ஒரே பொருள் தருகிற இரண்டு சொற்கள் உலகத்திலேயே கிடையாது, எல்லாம் பங்காளிகள்தான், ஒரே வீட்டில் பிறந்திருந்தாலும் குணம் வேறு வேறு என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுக் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினார். ஒரு பெண்ணைப் பார்த்து ‘ஸ்லிம்’ என்றால் சிரிப்பாளாம். ‘தின்’ என்றால் பேசாமல் இருப்பாளாம். ‘ஸ்கின்னி’ என்றால் வீட்டுக்குப் போய் அழுவாளாம். மூன்றுக்கும் ஒல்லி என்றுதான் அர்த்தம். எனக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

சொற்களை நான் எழுதிவைத்துக்கொண்டதில்லை. ஆட்கள்மேல் ஒட்டிவைத்துவிடுவேன். அத்தைக்கு ‘ஃபேட்’ என்று ஒட்டினால் முதுகில் ஒன்று விழும். ஆகவே ‘ப்ளம்ப்’ என்று ஒட்டி, லட்சணமாய்ப் பூசினாற்போல இருப்பது என்று பொருளும் சொன்னேன். அத்தை மகிழ்ந்துபோய் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். பிறகு தொழிற்சாலையில் யாரையோ விசாரித்திருக்கிறார். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. கீழ்மாடி மளிகைக்கடைக்காரருக்கு ‘ஸ்டிஞ்சி’, கஞ்சன். ஆயர் ஈத்தாமில் இருந்த அம்மாவின் அண்ணனுக்கு ‘த்ரிஃப்டி’, சிக்கனக்காரர். இரண்டு பேரும் காசை ஒரே மாதிரிதான் இறுக்கிப் பிடித்தார்கள். மாமா எங்கள் ஆள், அவ்வளவுதான் வித்தியாசம். மேல்மாடி அக்கா எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால் அவர் ‘நோசி’, மூக்கை நுழைக்கிறவர். நான் அவர் வீட்டில் எட்டிப் பார்த்தால் நான் ‘க்யூரியஸ்’, அறிவுத்தாகம் உள்ளவள். இந்தச் சொற்களின் வேலை எனக்கு அப்போதே நன்றாகப் புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி தூக்கம் வரும்வரை இதே பேச்சு. அம்மாவுக்குக் காது வலித்தது. வாயைக் கொஞ்சம் மூடுறியா என்பது எங்கள் வீட்டில் அம்மா அதிகமாகச் சொன்ன வாக்கியமாக இருக்கும். அப்பா மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பட்டறையில் நாளெல்லாம் இரும்புச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து உட்காருவார். நான் ஆரம்பித்ததும் ஓடிக்கொண்டிருக்கிற வானொலியை நிறுத்துவார். “இன்னிக்கி என்னா வார்த்த படிச்ச?” என்று கேட்பார். சொன்னால் தலையாட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு ஆங்கிலம் பட்டறை அளவுக்குத்தான் வரும். என் ஆங்கில அறிவைப் பார்த்து அசந்துபோய்த்தான் அப்படிக் கேட்கிறார் என்று எனக்குள் ஒரு கர்வம்.

அந்த மூன்றாம் ஆண்டுக் கடைசியில் பள்ளியில் நடந்த ஆங்கிலக் கதை சொல்லும் போட்டியில் எனக்கு முதல் பரிசு. மேடையில் கை கால்களை வீசி, ஓநாயாகவும் ஆட்டுக்குட்டியாகவும் மாறி மாறிக் குரல் கொடுத்தேன். கோப்பையோடு வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சொன்னார், வருகிற தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் நாம் ஒரு பந்தல் போடுகிறோம் என்று. அம்மா சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். அத்தை முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். எதற்குப் பந்தல் என்று கேட்டேன். ஒரு வேண்டுதல் என்றார் அப்பா. ரொம்ப நாள் பாக்கி என்றார். மேலே கேட்பதற்குள் அம்மா என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்துவிட்டார். எனக்கு மீன் என்றால் உயிர்.

வேண்டுதல் இதுதான். தைப்பூசத்தன்று இரண்டு அண்டா மோர். எல்லாம் சொந்தச் செலவு, யாரிடமும் வசூல் கூடாது. வருகிறவர்களிடம் ஒரு காசு வாங்கக்கூடாது. ஒரு சொட்டு மோர் சாக்கடைக்குப் போகக்கூடாது, எல்லாம் மனிதர் வயிற்றுக்குள்தான் போகவேண்டும். இரண்டு அண்டாவும் காலியாகும்வரை அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். காலியான பிறகு, பொழுது சாய்வதற்குள் மலையேறிச் சாமியிடம் போய்ச் சொல்லவேண்டும். அப்பாவுக்குக் கேஸ்ட்ரிக் உண்டு. ஒருவேளைச் சாப்பாடு தள்ளிப்போனாலே சுருண்டு படுத்துக்கொள்வார். அதனால் அம்மாவுக்கு அந்தப் பட்டினி விதிமேல்தான் கவலை. அத்தை அம்மாவைச் சமாதானப்படுத்தினார். தைப்பூசக் கூட்டத்துக்கு இரண்டு அண்டா எம்மாத்திரம், பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும் என்றார்.

தீர்ந்திருக்கும், இடம் ஒழுங்காகக் கிடைத்திருந்தால். மலைக்குப் போகிற பெரிய சாலையின் இரு பக்கமும் பந்தல்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். பாட்டு காதைப் பிளக்கும். சோறு, பலகாரம், குளிர்பானம் என்று கையில் திணிப்பார்கள். அப்பா பெர்மிட்டுக்கு அலைய ஆரம்பித்ததே தாமதம். எங்களுக்குக் கிடைத்தது மலைப் படிக்கட்டையும் தாண்டி, பூங்காவுக்குப் போகிற பக்கம். காவடி எடுப்பவர்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வருகிற சீனக் குடும்பங்களும் கழுத்தில் கேமராவோடு திரிகிற வெள்ளைக்காரர்களும்தான் அதிகம். பரவாயில்லை, தாகத்துக்கு என்ன ஜாதி, எல்லாரும்தான் குடிப்பார்கள் என்றார் அப்பா. அப்படியானால் ஆங்கிலத்தில் ஒரு போர்டு வேண்டும் என்றார் அத்தை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அரை அடி உயரம் கூடியது.

‘ஃப்ரீ’ என்று எழுதினால் போதும் என்பது அத்தையின் கட்சி. நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். ‘ஃப்ரீ’ என்பது சோப்புக்கட்டியோடு ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டிக்கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பாவுக்கு உரிய சொல். எங்கள் அப்பா செய்வது அப்படிப்பட்ட காரியமா? தண்ணீர்ப் பந்தல் வைப்பதற்குத் தமிழில் என்ன பெயர்? தர்மம். அகராதியில் தர்மம் என்ற சொல்லுக்கு எதிரே ‘சேரிட்டி’ என்று போட்டிருந்தது. சொல்லிப் பார்த்தேன். வாய் நிறைந்தது. பட்டறையில் மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டை அப்பா கொண்டுவந்து கொடுத்தார். ஒட்டுப்பலகையில் ‘சேரிட்டி’ என்று ஒவ்வொரு எழுத்தையும் என் முழங்கை நீளத்துக்கு எழுதினேன். அதற்குக் கீழே சின்னதாக ‘டிரிங்க்ஸ்’. அப்பா இரண்டு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். அவருக்கு அதில் எத்தனை எழுத்து புரிந்தது என்று தெரியாது, ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

தைப்பூசத்தன்று இருட்டோடு எழுந்து மோர் கடைந்தோம். இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, உப்பு போட்டு, ஐஸ் கட்டிகளை மிதக்கவிட்டு இரண்டு அண்டாவும் தளும்பத் தளும்ப நின்றன. அப்பா மஞ்சள் வேட்டியில் வெறுங்காலோடு அண்டாவின் பக்கத்தில் நின்றார். நெற்றியில் விபூதி. நான் போர்டின் பக்கத்தில் நின்றேன். பட்டுப்பாவாடை.

முதலில் வந்தது ஒரு சீன ஆண்ட்டி, இரண்டு பிள்ளைகளோடு. பிள்ளைகள் ஐஸைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள். ஆண்ட்டி போர்டைப் படித்தார். உடனே இரண்டு பேரின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டார். அது இல்லாதவர்களுக்கு வைத்திருப்பது, நாம் அதை எடுத்துக் குடிக்கக்கூடாது, வா கடையில் வாங்கித் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். அடுத்தடுத்து வந்தவர்களும் அதே அன்பான சிரிப்போடு கடந்து போனார்கள். வெள்ளைக்காரர்கள் போர்டைப் படம் பிடித்தார்கள். மோரை யாரும் தொடவில்லை.

பிறகு ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்தார். போர்டைப் படித்தார், அப்பாவைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து பத்து வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்துத் தம்ளர் அடுக்கியிருந்த தட்டில் வைத்துவிட்டு நடந்தார். மோர்கூடக் குடிக்கவில்லை. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு காசு வாங்கக்கூடாது என்பதல்லவா வேண்டுதல். நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். மஞ்சள் வேட்டியும் விபூதியுமாக ஒருவர் கையை நீட்டிக்கொண்டு தன்னைத் துரத்துவதைத் திரும்பிப் பார்த்த அந்த மனிதர் நடையை எட்டிப்போட்டார். அப்பா இன்னும் வேகமாக ஓடினார். இரண்டு பேருக்கும் பின்னால் நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சார், யுவர் மணி என்று கத்திக்கொண்டு ஓடினேன். கடைசியில் மூச்சிரைக்க நின்றார்கள். அப்பா நோட்டை அவருடைய பைக்குள் திணித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர், இது சேரிட்டிக்குத்தானே என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று தெரியாமல் விழித்தேன். என் வாழ்நாளில் அப்படி விழித்தது அதுதான் முதல்முறை.

திரும்பி நடக்கும்போது, அவர் என்ன சொன்னார் என்று அப்பா கேட்டார். தர்மத்துக்குத்தான் காசு கொடுத்தாராம் என்றேன்.

“நாமதானம்மா தர்மம் பண்றோம்?” என்றார் அப்பா. அதில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் தர்மம் என்றால் நாம் கொடுக்கிறவர் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். இந்த ‘சேரிட்டி’யோ வாங்குகிறவரின் கிழிசலைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அகராதி சொன்னதை நம்பிவிட்டேன். குணம் பார்க்கவில்லை.

அத்தை பலகையைத் திருப்பிவைத்து, மிச்சப் பெயிண்டை என் கையில் கொடுத்தார். தோற்றுப்போனவளாக ‘ஃப்ரீ’ என்று எழுதினேன். பெயிண்ட் காய்வதற்குள் நாலைந்து பேர் நின்றார்கள். இது என்ன என்று ஒருவர் கேட்டார். மோர் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மோருக்கு ஆங்கிலத்தில் என்ன என்பது அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுப் போய்விட்டது. புளிப்பு, பால் என்று கணக்குப் போட்டு ‘சவர் மில்க்’ என்றேன். நீட்டிய கையை அவர் அப்படியே பின்னுக்கு எடுத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த பெண் தம்ளரை மூக்கருகே கொண்டுபோய், மிதக்கிற கறிவேப்பிலையைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ‘சவர்’ என்றால் கெட்டுப்போனது என்றுதான் அவர்கள் காதில் விழும், சுள்ளென்ற புளிப்பு என்கிற ‘டேங்கி’யைச் சொல்லியிருந்தால் நாக்கில் எச்சில் ஊறியிருக்கும் என்பது அவர்கள் போன பிறகு நினைவுக்கு வந்தது. கெட்டுப்போன பாலை இலவசமாகக் கொடுக்கிற குடும்பம் என்று எங்களைப் பற்றி எந்த நாட்டிலெல்லாம் பேசிக்கொண்டார்களோ.

வெயில் உச்சிக்கு வந்தது. முதல் அண்டாவிலேயே ஒரு சாண்தான் குறைந்திருந்தது. அதுவும் பக்கத்துப் பந்தல்காரர்கள் பரிதாபப்பட்டுக் குடித்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உதடு காய்ந்து வெள்ளையாகிவிட்டது. ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கையை எடுத்துக்கொண்டார். ஒரு வாய் தண்ணீர் குடித்தால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று அம்மா கெஞ்சினார். சொன்னது சொன்னதுதான் என்றார் அப்பா. அத்தை கெஞ்சினார், அதட்டினார். அவர் அசையவில்லை. அம்மா அண்டாவுக்குப் பின்னால் போய் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

“நாள் பூரா வளவளன்னு பேசுறியே. இப்ப பேசேன்டி.”

அம்மா வாயிலிருந்து அப்படியொரு வேண்டுகோள் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

சாலையோரக் கல்லில் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடினேன். எங்கள் அப்பா ஒரு ‘வவ்’, அதாவது சாமிக்கு நேர்ந்துகொண்ட சபதம், எடுத்திருக்கிறார் என்று ஆரம்பித்தேன். அப்பா செய்திருப்பது சாதாரண விஷயம் இல்லை, அதற்குச் சாதாரணச் சொல் போதாது, ‘ப்ராமிஸ்’ஸைவிட ‘வவ்’ உயர்ந்தது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். பாட்டி மரியாதையாகத் தலையாட்டினார். எங்கள் வீட்டில் யாராவது சமயப் பிரசாரத்துக்கு வந்தால் அம்மா ஆட்டுவாரே, அதே தலையாட்டல். எப்போது இந்தப் பிள்ளை போகும் என்கிற தலையாட்டல். எனக்கு அழுகை வந்துவிட்டது. உயர்ந்த சொல், தாழ்ந்த சொல் எல்லாம் மறந்துபோய் வந்ததைப் பேசினேன். மை ஃபாதர் மேட் எ ப்ராமிஸ். எல்லாரும் குடித்து முடிக்கும்வரை அவர் குடிக்கமாட்டார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவருக்கு வயிறு வலிக்கிறது.

பாட்டி தலையாட்டுவதை நிறுத்தினார். என் தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார். யாருக்குச் செய்துகொடுத்த ப்ராமிஸ் என்று கேட்டார். சாமிக்கு என்று மலையைக் காட்டினேன். அவர் வலிக்கிற காலை ஊன்றி எழுந்து வந்து, ஒரு தம்ளர் மோரை வாங்கி, கறிவேப்பிலையை மென்றுகொண்டே முழுசாகக் குடித்தார். இன்னொன்று கேட்டார். பிறகு சாலையின் அந்தப் பக்கம் நின்ற தன் கூட்டத்தைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார்.

‘வவ்’ என்பது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் உரிய சொல், வெளியில் நிற்கிறவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று எனக்குப் பட்டது. ‘ப்ராமிஸ்’ எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எல்லாருக்கும் யாரோ ஒருவர் செய்துகொடுத்திருப்பார்கள், யாரோ ஒருவர் காப்பாற்றாமலும் இருந்திருப்பார்கள். இதை இன்றைக்கு இப்படி விளக்கமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சொல் வேலை செய்கிறது என்பது மட்டும்தான். போர்டைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு ஒரு நாற்காலியின்மேல் ஏறி நின்றேன். கதை சொல்லும் போட்டியில் ஓநாய்க்கு வைத்திருந்த குரலை எடுத்தேன். ப்ளீஸ் ஹெல்ப் மை ஃபாதர் கீப் ஹிஸ் ப்ராமிஸ் என்று கத்தினேன்.

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘ஹெல்ப்’ என்பது அவருக்குத் தெரிந்த சொல்.

“ஏய், எறங்கு. என்னா பிச்ச கேக்கிற மாதிரி கத்துற. கொடுக்கிறது நாம லா.”

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். மெதுவாக வந்து அத்தையின் கையை எடுத்துவிட்டார்.

“பேசட்டும் விடுக்கா” என்றார்.

நான் பேசினேன். நின்றவர்களிடம் பேசினேன், நடந்தவர்களிடம் பேசினேன், மோட்டார் சைக்கிளில் ஊர்ந்துபோனவர்களை மறித்துப் பேசினேன். மோரை ‘டேங்கி’ என்றேன், ‘கூலிங்’ என்றேன், கறிவேப்பிலையை ‘ஹெர்ப்ஸ்’ என்றேன். ‘லீவ்ஸ்’ என்றால் ஆட்டுக்குப் போடுவது. கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்து ஆளுக்கு மூன்று தம்ளர் குடித்தார்கள். ஒரு சீனத் தாத்தா காரில் இருந்த தண்ணீர்ப் போத்தலைக் கொட்டிவிட்டு அது நிறைய வாங்கிக்கொண்டார். காலையில் போன ஆண்ட்டி பிள்ளைகளோடு திரும்பி வந்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா, அந்தப் போர்டைப் பார்த்து இல்லாதவர்கள் வாய்க்குப் போவதை நாம் பிடுங்குவதாக நினைத்துவிட்டோமே என்று என்னைக் கடிந்துகொண்டு, பிள்ளைகளைக் குடிக்க வைத்துவிட்டுத் தானும் குடித்தார். குடித்துவிட்டு அப்பாவிடம் தேங்க் யூ சொன்னார். அப்பா பதிலுக்குத் தேங்க் யூ சொன்னார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் அப்பா தேங்க் யூ சொன்னார். கொடுக்கிறவர் கும்பிட்டு நன்றி சொல்ல, குடிக்கிறவர்கள் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு போன பந்தல் அன்றைக்கு அந்த மலையடிவாரத்தில் எங்களுடையது ஒன்றுதான்.

அப்பா ஊற்றிக் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு முறை தம்ளர் நிறைந்து கையில் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஒரு சொட்டு வீணாகக்கூடாது என்று சட்டம் போட்டவர், அதை நக்கவும் முடியாமல் துடைக்கவும் மனமில்லாமல் நின்றார். என் ஆங்கிலத்தில் மயங்கிவிட்டார் என்று நினைத்து நான் இன்னும் நாலு பெரிய சொற்களை எடுத்துவிட்டேன்.

வெயில் தாழ்ந்தபோது இரண்டாவது அண்டாவைச் சாய்த்துக் கடைசித் தம்ளரை எடுத்தார் அப்பா. குடிக்க ஆள் இருந்தது, வரிசையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அவர் அவர்களைத் தாண்டி என்னிடம் வந்தார். எனக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வந்துகொண்டிருந்தது. தம்ளரை என்னிடம் நீட்டினார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் குடித்து முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதன் பிறகுதான் அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். அம்மா அழுதார். அத்தை மூக்கைச் சிந்தினார். பசி மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் மலையேறவேண்டுமே. நடக்கிறேன் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், பத்து வயதுப் பெண்ணை, பட்டுப்பாவாடையோடு, நாளெல்லாம் பட்டினி கிடந்த மனிதர் தோளில் தூக்கிக்கொண்டார். படிக்கட்டில் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஒரே வெட்கம். சன்னதியில் இறக்கிவிட்டு, சாமியிடம் ஏதாவது சொல்லு என்றார். என்ன சொல்வது என்றேன், இல்லாத குரலில். என்ன வேண்டுமானாலும் சொல்லு என்றார். நான் ஆங்கிலத்தில் குட் ஈவினிங் சொன்னேன். அப்பா விழுந்து கும்பிட்டு எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

அடுத்த வாரம் முழுக்கப் பள்ளியில் இதைச் சொல்லித் திரிந்தேன். அன்றைய அப்பாவின் முகத்துக்கு ஒட்டுவதற்கு ஒரு சொல் தேடினேன். ‘ஹேப்பி’ சின்னது. ‘ப்ளீஸ்ட்’ அலுவலகத்துக் கடிதம் மாதிரி இருந்தது. ‘ப்ரவுட்’ கொஞ்சம் கிட்டே வந்தது, அதையே ஒட்டிவைத்தேன். பல வருடம் அதுவே ஒட்டிக்கிடந்தது.

இப்போது ஆங்கிலம்தான் எனக்குச் சோறு போடுகிறது. மொழிபெயர்ப்பு வேலை. ஒரு சொல்லுக்கு அரைநாள் உட்கார்ந்தாலும் யாரும் வாயை மூடச் சொல்வதில்லை. போன தீபாவளிக்கு வீட்டில் கூட்டம். என் கணவரின் உறவினர்கள் புதிதாகக் கேட்கிறவர்கள் என்பதால் மோர்க் கதையை ஆற அமரச் சொல்லி முடித்தேன். மாக் மண்டின் வேலையிலிருந்து ஓய்வுபெற்று எங்களையே முழுநேரமும் மேற்பார்வை செய்துகொண்டிருக்கிற அத்தை, முறுக்கைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“ஒங்கப்பன் எதுக்குப் பந்தல் போட்டான்னு தெரியுமா ஒனக்கு?”

வேண்டுதல் என்றேன். என்ன வேண்டுதல் என்றார். வாய் ஓயாமல் பேசிய எனக்கு இத்தனை வருடத்தில் அதைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

எனக்கு நாலு வயது தாண்டியும் பேச்சு வரவில்லையாம். அம்மா என்றுகூடச் சொன்னதில்லையாம். ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள், நாக்கைச் சோதித்தார்கள், பொறுத்திருந்து பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் ஊமைப் பிள்ளை என்று பேச ஆரம்பித்தார்கள். அப்பா அந்தச் சொல்லைச் சொன்னவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போயிருக்கிறார். வாயே திறக்காத மனிதர் பசாரில், மீன் காய்கறி விற்கிற சந்தையில், ஒருவர் சட்டையைப் பிடித்திருக்கிறார். அமைதியான பிள்ளை என்று சொல்லுங்கள், அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள் என்பாராம். பிறகு ஒருநாள் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீர்மலைப் படியேறி வேண்டிக்கொண்டாராம். நான் பேசிய பிறகும் ஊமை என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்துவிடக்கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். சத்தியத்தை இத்தனை நாள் காப்பாற்றியதே அத்தைக்குப் பெரிய சாதனை.

“ஒரே ஒரு வார்த்த பேசட்டும், எந்த பாஷையா இருந்தாலும் சரி, என்னா வார்த்தையா இருந்தாலும் சரின்னுதான் வேண்டினான்” என்றார் அத்தை.

அப்பா மூலையில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தார். சத்தத்தை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

அன்றைக்கு நான் வெயிலில் நின்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து உரசிப் பார்த்துக்கொண்டிருந்தேன், எது சரி, எது தப்பு என்று. காய்ந்த உதட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, என் வாயிலிருந்து வந்தது எல்லாமே சரியாகத்தான் இருந்திருக்கிறது, ‘சவர் மில்க்’ உள்பட.